ஏழு மணிச் சங்கு

குழந்தை வெளியே வந்ததும் அவர் முதலில் கடிகாரத்தைத்தான் பார்ப்பார். அப்புறம்தான் குழந்தையை. வெள்ளைக் கோட்டின் இடப்பக்கத்தில் ஊக்கு குத்தித் தொங்கவிட்ட சின்னக் கடிகாரம் அது. எதிரில் நிற்பவர்களுக்கு எண்கள் தலைகீழாகத் தெரியும். அவர் குனிந்து பார்த்தால் நேராகத் தெரியும். "ஒம்பது நாப்பத்தொண்ணுங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் குழந்தையைத் துடைக்க ஆரம்பிப்பார். வலியில் கிறங்கிக் கிடக்கும் தாயின் காதில் ஆணா பெண்ணா என்பதற்கு முன்னால் மணிதான் விழும்.

கோத்தகிரிப் பக்கம் அரவேணுவுக்கு மேலே இருந்த எங்கள் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் அவர் மிட்வைஃப். எல்லோருக்கும் நர்ஸம்மா. அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அந்த உரிமையை நான் இழந்து வெகுகாலம் ஆகிறது.

நான் எஸ்டேட் ஆபீசில் கிளார்க். கோயமுத்தூரிலிருந்து வந்த பி.ஏ. பட்டதாரி. மானேஜர் சொல்லச் சொல்ல ஆங்கிலக் கடிதங்களைத் தட்டச்சு செய்வது என் வேலை. ஜாதகம் எழுதுவது என் பித்து. அப்பா வைத்துவிட்டுப் போன புத்தகங்களைப் படித்து நானே கற்றுக்கொண்டது. அந்தப் பக்கத்தில் ஜாதகம் எழுதுகிறவர்கள் ராசிக் கட்டமும் நவாம்சக் கட்டமும் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நான் அதோடு சப்தாம்சமும் போடுவேன். ஒரு ராசியை ஏழு துண்டாகப் பிரித்து, பிள்ளைகளையும் வம்சத்தையும் பார்ப்பதற்கென்றே போடுகிற கட்டம் அது. கோத்தகிரியிலிருந்தும் குன்னூரிலிருந்தும் பிள்ளை இல்லாதவர்கள் என்னைத் தேடி வந்தது அந்தக் கட்டத்துக்காகத்தான். எனக்கு அதில் கர்வம் இருந்தது.

சப்தாம்சத்துக்கு ஒரு தொல்லை உண்டு. ராசிக் கட்டத்தில் லக்னம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஒரே இடத்தில் நிற்கும். பிறந்த நேரத்தைக் கொஞ்சம் முன்னே பின்னே சொன்னாலும் பெரும்பாலும் பாதகமில்லை. சப்தாம்சத்தில் பதினேழு நிமிடத்துக்கு ஒரு முறை லக்னம் இடம் மாறிவிடும். நேரம் தவறினால் வேறொருவரின் வம்சத்தைப் படித்துக்கொண்டிருப்போம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் நேரம் கேட்டால் என்ன கிடைக்கும்? "ஃபாக்டரிச் சங்கு ஊதி சித்த நேரத்துல." "தேயிலை நிறுக்கறப்போ." நர்ஸம்மா வந்த பிறகுதான் எங்கள் எஸ்டேட்டில் குழந்தைகள் நிமிடத்தோடு பிறக்க ஆரம்பித்தன.

அவர் எப்படிப்பட்டவர் என்பது எனக்கு முதலில் புரிந்தது ஓர் ஆனி மாத மழையில். ஃபாக்டரியில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கருக்கு மகன் பிறந்து நாலு நாள் ஆகியிருந்தது. நேரம் வாங்கி ஜாதகம் எழுதி முடித்துவிட்டேன். மத்தியானம் ஆபீஸ் வாசலில் குடையை மடக்கிக்கொண்டு நர்ஸம்மா வந்து நின்றார். கீழ் டிவிஷனிலிருந்து மூன்று மைல் ஏறி வந்திருக்கிறார். கணுக்காலில் அட்டை கடித்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

"ஏனுங்க சார், தப்பாச் சொல்லிப்போட்டனுங்க."

"என்ன நர்ஸம்மா?"

"டீ மேக்கர் ஊட்டுக் கொழந்தைக்கு நேரம். இன்னைக்குக் கம்பவுண்டர் ரேடியோவுல மணியடிக்கறப்போ பாத்தனுங்க, என் கடியாரம் நாலு நிமிசம் பின்னால ஓடுது. எப்ப இருந்து ஓடுதோ தெரியலீங்க. போன வாரம் சரியா இருந்துது. அதனால அந்தக் கொழந்தைக்கு நாலு நிமிசம் வரைக்கும் தப்பு இருக்கலாமுங்க."

நான் சிரித்துவிட்டேன். நாலு நிமிடத்தில் ஒன்றும் மாறவில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"மாறுதா மாறலையாங்கறது உங்க பாடுங்க. நான் சொன்னது தப்புன்னு நீங்க எழுதிக்கோணும். அதுக்குத்தான் வந்தேன்."

அவர் பார்க்க, நேரத்தில் நாலு நிமிடம் வரை தப்பு இருக்கலாம் என்று ஜாதகத்தின் ஓரத்தில் எழுதினேன். எழுதியதை ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் அட்டையைப் பிடுங்கி எறிந்தார். "தப்புன்னு தெரிஞ்ச உடனே சொல்லிப்போடோணுமுங்க சார். வெச்சிருந்தா அது நமக்குப் பழகிப் போயிரும்" என்றார். பெரிய தத்துவம் சொல்கிற தோரணையே இல்லை. காயத்தில் சுண்ணாம்பு வைத்தால் எரியும் என்று சொல்வதுபோலச் சொன்னார்.

மேஸ்திரி ஒருவர் அவரிடம் மாட்டிக்கொண்ட கதையை எஸ்டேட் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். மேஸ்திரியின் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது ஆயில்ய நட்சத்திரம் முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பு. ஆயில்யத்துப் பெண் மாமியாருக்கு ஆகாது என்று ஒரு பயம் உண்டு. மேஸ்திரி என்னிடம் வந்தார். நான் நர்ஸம்மா சொன்ன நேரத்தைத்தான் எழுதுவேன் என்றதும், என்னையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"பத்து நிமிசம் தள்ளிச் சொன்னா யாருக்கு நட்டம் நர்ஸம்மா? பொட்டப்புள்ள. நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சுக் குடுக்கணுமில்ல?"

"அதுக்கென்னங்க மேஸ்திரி, முன்னாடியே உங்க மககிட்டச் சொல்லியிருக்கோணும். பத்து நிமிசம் உள்ளயே புடிச்சு வெச்சுக்க சாமின்னு. அது வெளிய தள்ளிப்போட்டுது. நான் பாத்துப்போட்டேன். இனி என்னங்க பண்றது?"

கட்டிலில் கிடந்த மகளே சிரித்துவிட்டாள். மேஸ்திரி விடவில்லை. "உங்களுக்குப் புள்ளை இருந்தாத் தெரியும்" என்றார்.

நர்ஸம்மா கடிகாரத்தைக் குனிந்து பார்த்தார். சங்கடமான நேரங்களில் அவர் அப்படிச் செய்வார் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. "பன்னெண்டே கால் ஆச்சுங்க. கொழந்தைக்கு எண்ணெய் வெக்கோணும். நீங்க ரெண்டு பேரும் வெளிய போனீங்கன்னாத் தேவலை" என்றார்.

அவருக்கு ஒரு பிள்ளை இருந்து போயிருந்தது. இதை என் மனைவிதான் சொன்னாள். அன்னூர்ப் பக்கம் பத்தொன்பது வயதில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். முதல் குழந்தை மூன்று மாதத்தில் இறந்துவிட்டது. ராசியில்லாதவள் என்று அவரைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகுதான் மிட்வைஃப் படிப்பு. எங்கள் எஸ்டேட்டில் அவர் கையில் பிறந்த குழந்தைகள் இருநூறாவது இருக்கும். எல்லோரும் பிழைத்தவர்கள். இதை நான் அந்த நாளில் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த ஐப்பசியில், சிலோனிலிருந்து திரும்பி வந்து லைனில் குடியேறியிருந்த ஒரு பெண் பிரசவத்தில் இறந்துபோனாள். கணவன் கப்பல் ஏறுவதற்கு முன்பே அங்கே காய்ச்சலில் போய்விட்டான். சொந்தம் என்று இங்கே ஒருவரும் இல்லை. சாகும் முன்பு நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, பிள்ளை உசிரோட இருக்குதா?" என்று மட்டும் கேட்டாளாம். இருந்தது. பெண் குழந்தை. காலை பத்து ஏழு.

நர்ஸம்மா அந்தக் குழந்தையைத் தம் குவார்ட்டர்ஸுக்கு எடுத்துப் போனார். டப்பாப் பாலைக் கரைத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நிமிடம் பிசகாமல் புகட்டினார். குளிருக்கு மஞ்சள் கம்பளி நூலில் தொப்பியும் காலுறையும் பின்னிப் போட்டார். பெயர் வைக்கவில்லை. "அம்மிணி" என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண் குழந்தையையும் அப்படித்தான் கொஞ்சுவோம், ஆனால் அவர் கூப்பிடும்போது அது அந்தக் குழந்தைக்கு மட்டும் வைத்த பெயர்போல இருக்கும். என் மனைவி பார்த்துவிட்டு வந்து, "அது நர்ஸம்மா மொகத்தைத் தவிர வேறெங்கயும் பாக்க மாட்டேங்குதுங்க. நாம கூப்பிட்டாத் திரும்பறதே இல்லை" என்றாள்.

மானேஜருக்கும் டாக்டருக்கும் சம்மதம். குழந்தையை நர்ஸம்மாவே வளர்க்கலாம் என்று எஸ்டேட் தரப்பில் ஒரு கடிதம் தயாரானது. நான்தான் தட்டச்சு செய்தேன், கார்பன் வைத்து மூன்று பிரதி. அவர் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

கையெழுத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், ஆபீசில் எல்லோரும் போன பிறகு, அவர் வந்தார். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் தமக்கென்று அவர் எதுவும் கேட்டதில்லை. என் கட்டங்களைக் கேலி செய்வார். "வெத்தலைப் பொட்டி மாதிரி அறை அறையா இருக்குதுங்க, யாரு எதுல இருக்கான்னு எப்படித்தான் கண்டுபுடிக்கறீங்களோ" என்பார். அன்று கேலி இல்லை.

"சார், என் ஜாதகம் ஒண்ணு பாக்கோணுமுங்க. புள்ளைக்குப் பாப்பீங்கள்ல, அந்தக் கட்டம்."

"உங்களுக்கா?"

"எனக்குன்னு இல்லீங்க. அம்மிணிக்கு ஒண்ணும் ஆயிரக்கூடாது. என்கிட்ட ஒண்ணு இருந்து போயிருச்சு. அதனால கேட்டுக்கலாமுன்னு."

பிறந்த தேதி யுத்த காலத்து ஆவணி. பெற்றோர் அப்போது கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் வேலை செய்தார்களாம். "ஏழு மணிச் சங்கு ஊதறப்போ பொறந்தேன்னு எங்கம்மா சொல்லுமுங்க. அப்ப இன்னும் வெளக்கு அமத்தலையாம். வெளக்கு வெளிச்சத்துலதான் தொப்புள் கொடி அறுத்தாங்களாம்." குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, "இது நான் பாத்த நேரம் இல்லீங்க சார். சொல்லிக் கேட்டது. அதனால நீங்க நல்லா ரோசிச்சுப் பாத்துக்கங்க" என்றார்.

இவ்வளவும் அவர் சொன்னார். ஆவணியில் ஏழு மணிக்கு இந்த மலையில் நன்றாக விடிந்திருக்கும். விளக்கு எதற்கு என்று நான் கேட்டிருக்க வேண்டும். மேகம் கவிந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அங்கேயே உட்கார்ந்து போட்டேன். ராசியில் சிம்ம லக்னம். சப்தாம்சத்தில் கும்ப லக்னம். அதற்கு ஐந்தாமிடம், பிள்ளைகளுக்கான இடம், மிதுனம். அதில் சனியும் செவ்வாயும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் என் மனதில் முதலில் வந்தது பரிதாபம் இல்லை. திருப்தி. மூன்று மாதத்தில் போன குழந்தை கட்டத்தில் அப்படியே தெரிகிறதே என்ற திருப்தி. நடந்ததோடு பொருந்திவிட்டது, அதனால் நேரம் சரி என்று முடிவு செய்துவிட்டேன்.

"புள்ளை ஸ்தானம் கெட்டிருக்குது நர்ஸம்மா. தங்காதுன்னு இருக்குது."

அவர் குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். "பெத்த புள்ளைக்குத்தானுங்களே இது? எடுத்து வளக்கற புள்ளைக்கும் சேத்துங்களா?"

இந்தக் கேள்விக்குப் புத்தகங்களில் ஒரே பதில் கிடையாது. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உண்மையும் அதுதான். ஆனால் தெரியாது என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

"வளக்கற புள்ளையும் புள்ளைதானே நர்ஸம்மா" என்றேன்.

அவர் குனிந்து கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு அம்பதுங்க. ஆறு மணிக்குப் பால்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் அவர் கையெழுத்துப் போடவில்லை. காரணம் கேட்ட மானேஜரிடம், "எனக்கு டூட்டி எச்சா இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னார். குன்னூரில் அநாதைக் குழந்தைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருந்தது. அதற்கு எழுதிய கடிதத்தையும் நான்தான் தட்டச்சு செய்தேன். மார்கழியில் ஒரு காலை, எஸ்டேட் ஜீப்பில் குழந்தையை அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். பால் நேரங்களை வரிசையாக எழுதிய ஒரு தாளையும் கொடுத்தாராம். என் மனைவி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வேற ஏதாச்சும் சொல்லியிருக்கக் கூடாதுங்களா?" கட்டத்தில் இருப்பதைத்தானே சொல்ல முடியும் என்று அவளை அடக்கினேன்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் நர்ஸம்மா குன்னூர் பஸ் ஏறினார். தம் வீட்டில் இருந்தால்தானே ஆபத்து, போய்ப் பார்ப்பதில் தோஷமில்லை என்று அவராகவே ஒரு நியாயம் வைத்திருந்தார். என்னிடம் வந்து, "வாரத்துக்கு ஒருக்கா பாக்கறதுல ஒண்ணும் வராதுங்களே?" என்று கேட்டுக்கொண்டார். வராது என்று நான் அனுமதி கொடுத்தேன்.

பங்குனி மாதத்தில், குன்னூரில் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் எனக்குச் சொல்லி அனுப்பினார். மகளுக்குக் கல்யாணமாகி எட்டு வருடமாகப் பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து சப்தாம்சத்தைப் பற்றி நான் விளக்கிக்கொண்டிருந்தேன். பதினேழு நிமிடம், ஏழு துண்டு, எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எல்லாஞ் சரி தம்பி. பொண்ணு பொறந்தது யுத்த காலத்துல. அந்த ஒரு மணி நேரத்தைக் கழிச்சிட்டீங்கள்ல?"

"எந்த ஒரு மணி நேரம்?"

"அட, என்ன தம்பி இப்படிக் கேக்கறீங்க? யுத்தத்துல வெள்ளைக்காரன் நாடு பூராக் கடியாரத்தை ஒரு மணி நேரம் முன்னால திருப்பி வெச்சிருந்தானே. ரெண்டு மூணு வருசம் அப்படித்தான் ஓடுச்சு. கடியாரத்துல ஏழுன்னா சூரியனுக்கு ஆறு. நான் ரயில் விட்டவன், எனக்குத் தெரியாதா? நீங்க அப்பக் கொழந்தையா இருந்திருப்பீங்க."

சிரித்தார். அலமாரியிலிருந்து ஒரு பழைய பஞ்சாங்கத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினார். அச்சிலேயே இருந்தது. யுத்த காலத்தில் பிறந்தவர்களுக்கு ஒரு மணி நேரம் குறைத்துக் கணிக்க வேண்டும் என்று. என் அப்பாவின் புத்தகங்கள் யுத்தத்துக்கு முந்தியவை. அவற்றில் எப்படி இருக்கும்?

விளக்கு அணைக்காத அறை எனக்கு அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. சங்கு ஊதியது ஏழு மணிக்கு. பொழுது இருந்தது ஆறு மணியில். நர்ஸம்மாவின் அம்மா சரியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டிலேயே ஒரு தாள் வாங்கி, மகளுடையது என்ற பாவனையில் நர்ஸம்மாவின் கட்டத்தைத் திருத்திப் போட்டுப் பார்த்தேன். ராசியில் அதே சிம்ம லக்னம், ஒன்றும் மாறவில்லை. சப்தாம்ச லக்னம் கும்பத்திலிருந்து விருச்சிகத்துக்குப் போய்விட்டது. ஐந்தாமிடம் மீனம். அங்கே குரு, தன் சொந்த வீட்டில். பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல அமைப்பை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

பஸ் நிலையத்துக்கு இறங்கும் வழியில் அந்த இல்லம் இருந்தது. கேட்டுக்கு உள்ளே, வெயில் விழுகிற பெஞ்சில் நர்ஸம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் குழந்தை, மஞ்சள் தொப்பியோடு. அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"சார்! வாங்க, வாங்க. அம்மிணிக்குப் பல்லு மொளைக்குதுங்க. கீழ ஒண்ணு வெள்ளையாத் தெரியுது. வந்து பாருங்க."

"இல்லை நர்ஸம்மா, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவர் குனிந்து கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொண்ணு நாப்பதுக்குத்தானுங்களே பஸ்ஸு. இன்னும் இருவது நிமிசம் இருக்குது."

இருபது நிமிடம் இருந்தது. என் சட்டைப் பையில் திருத்திய கட்டம் இருந்தது. கேட்டைத் திறந்து பத்தடி நடந்தால் போதும். ஒரு வாக்கியம்தான் சொல்ல வேண்டும். அந்த வாக்கியத்தைச் சொன்னால் அடுத்து என்ன நடக்கும் என்றும் யோசித்துவிட்டேன். யுத்த காலத்தில் பிறந்தவர்களுக்கு நான் எழுதிய ஜாதகங்கள் எத்தனை? அத்தனை பேரும் வருவார்கள். சப்தாம்சக்காரருக்கு மணி பார்க்கத் தெரியவில்லை என்று டீ மேக்கரும் மேஸ்திரியும் சிரிப்பார்கள். நாளைக்குச் சொல்லலாம், பக்குவமாகச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

"சாமான் வாங்கணும் நர்ஸம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனேன். குழந்தையின் கையைப் பிடித்து அவர் எனக்கு டாட்டா காட்ட வைத்தார்.

அந்த வாரம் முழுக்க நான் செய்தது இன்னும் கேவலம். திருத்திய கட்டத்தில் ஏதாவது குற்றம் கிடைக்குமா என்று தேடினேன். சனியும் செவ்வாயும் இப்போது எட்டாமிடத்துக்குப் போயிருந்தார்கள். அதை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா, குருவுக்குப் பகைப் பார்வை இருக்கிறதா என்று ஒவ்வொரு புத்தகமாகப் புரட்டினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. நாளை, அடுத்த வாரம் என்று ஐந்து ஞாயிறு போனது. ஐந்து முறையும் அவர் ஆபீஸ் வாசலைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போனார். சித்திரைக் கடைசியில் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பதி வந்து குழந்தையைச் சட்டப்படி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த ஞாயிறு விஷயம் தெரியாமல் பஸ் ஏறிப் போன நர்ஸம்மா, அன்றைக்கென்று பின்னி முடித்த ஸ்வெட்டரோடு திரும்பி வந்தார்.

அதற்கு மேல் அவர் எங்கள் எஸ்டேட்டில் ஏழு வருடம் இருந்தார். என் மகளும் அவர் கையில்தான் பிறந்தாள். கதவைத் திறந்து வெளியே வந்து, "மூணு இருவத்திரெண்டுங்க சார். கம்பவுண்டர் ரேடியோவுல காலையிலதான் சரி பாத்தேன். தைரியமா எழுதுங்க" என்றார். நான் என் மகளுக்கு ஜாதகம் எழுதவில்லை. அதன் பிறகு யாருக்கும் எழுதவில்லை. ஆபீஸ் வேலை அதிகமாகிவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். பிறகு அவருக்கு வேறு எஸ்டேட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

ஆறு வருடம் முன்பு, அரவேணுவில் கடைகளுக்குப் பின்னால் ஒரு அறையில் அவர் தனியாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். என் மனைவி அதற்குள் காலமாகியிருந்தாள். எனக்கும் எழுபதைத் தாண்டி வெகுநாள் ஆகிவிட்டது. திருத்திய கட்டத்தைப் புதிய தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். மேட்டில் ஏற முடியாமல் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஏனுங்க, கிளார்க் சாருங்களா? இப்படி எளைச்சுப் போயிட்டீங்க!" கம்பளிச் சட்டையின் இடப்பக்கத்தில் அந்தக் கடிகாரம் தொங்கிக்கொண்டிருந்தது.

காப்பி வருவதற்குள் சொல்லிவிட்டேன். யுத்த நேரம், ஒரு மணி, விருச்சிகம், மீனம் எல்லாம். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும் முதலில் சொன்னது இது: "அப்ப எங்கம்மா சொன்னது நெசந்தானுங்க. வெளக்கு எரிஞ்சுதுன்னு சொல்லிக்கிட்டே இருக்குமுங்க. நாங்கதான் நம்பல."

தாளை மடியில் வைத்து நீவினார்.

"அந்த எடத்துல இப்ப யாருங்க இருக்கறது?"

"குரு."

"நல்லவருங்களா?"

"ரொம்ப நல்லவர் நர்ஸம்மா."

"அப்ப அம்மிணி நல்லா இருப்பாளுங்க" என்றார். பிறகு நான் எத்தனையோ வருடமாகப் பயந்த கேள்வியைக் கேட்டார். கோபமே இல்லாமல், பிறந்த குழந்தைக்கு நேரம் குறிப்பதுபோலக் கேட்டார்.

"இது உங்களுக்கு எப்பங்க தெரிஞ்சுது?"

உண்மையைச் சொல்லத்தான் போயிருந்தேன். வாயில் வந்தது வேறு.

"போன மாசம்தான். பழைய கட்டுகளைப் பொரட்டறப்போ கண்ணுல பட்டுது."

அவர் தலையை ஆட்டினார். "தெரிஞ்ச உடனே இந்த மேட்டுல ஏறி வந்து சொல்றீங்க பாருங்க. இந்த வயசுல. வேற ஒருத்தரா இருந்தா வந்திருக்க மாட்டாங்க சார்" என்றார். காப்பியை ஆற்றி என் கையில் கொடுத்தார். பஸ் நேரத்தைப் பார்த்துச் சொல்லி, மழைக் கோட்டை மாட்டிக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் வந்து என்னை ஏற்றிவிட்டார்.

போன ஐப்பசியில் அவர் இறந்துவிட்டார். எனக்குத் தெரிந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது.

நான் அவரிடம் சொன்ன நேரம் தப்பு. எனக்குத் தெரிந்தது அந்தப் பங்குனி மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, குன்னூரில், காலை பதினொன்று ஐந்துக்கு. சொல்லிக் கேட்டது அல்ல, ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் நானே பார்த்த நேரம். பதினொன்று இருபதுக்குக் குழந்தை அவர் மடியில் இருந்தது.